விபூதி பூசிய ஸ்டியரிங்

ஏப்ரல் 12, ஞாயிறு

குளிர்காலம் முழுதும் கராஜில் நின்ற அண்ணையின் ஸ்போர்ட்ஸ் காரில் பற்றரி இறங்கியிருந்தது; இன்று சார்ஜர் கொடுத்தோம். வைப்பர் தானாக ஆடியது. ஒரு கதவுக் கண்ணாடி பாதியில் இறங்கி நின்றது.

“பேய் புகுந்திட்டுது. வித்துத் துலைப்பம்,” என்றார் அண்ணை. துறைமுகத்தில் இரவுவேலை செய்து வாங்கிய கார்.

புதுப் பற்றரி ஏன் இறங்கியது? ஸ்டியரிங்கின் அடியில் விபூதி தெரிந்தது. குசினியில் அம்மாவைக் கேட்டேன்.

“ஓம் பிள்ளை, வெள்ளிக்கு வெள்ளி பூசினனான். கதவை அடிச்சுச் சாத்தினா உன்ரை அண்ணன் கத்துவான். மெல்லமாச் சாத்திவிட்டனான்.”

கதவு முழுதாகச் சாத்துப்படவில்லை. பற்றரி தீரும்வரை காரின் மின்கருவிகள் அணையாமல் விழித்தே இருந்திருக்கின்றன. மின்சாரம் போதாமல்தான் இன்று குழம்பியது.

காரை விற்க வேண்டாம், கதவுதான் பிழை என்று காலையில் அண்ணையிடம் சொல்வேன். யார் திறந்தது என்று கேட்பார்.

விபூதியைத் துடைத்துவிட்டேன்.