முதுகில் கட்டிய பிள்ளை

1981 ஜூலை 6

சர்க்கார் பர்மிட் சிமெண்டு லாரி இன்றும் வரவில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பை வைத்தே கடையை ஓட்ட வேண்டியிருக்கிறது.

மாலை பிலோமின்ராஜ் சார் வந்தார். வாத்தியார் வேலை ஓய்ந்ததும் பொழுது போகவில்லை, சிலை வைக்கக் கமிட்டி கூட்டிவிட்டார். நெரவி முக்கில் சலோமி அக்காவுக்குச் சிலையாம். 'தேசிய வீராங்கனை' என்கிறார். நாற்பத்தாறில் அக்கா மலேயாவிலிருந்து வந்து இறங்கியபோது இதே காரைக்கால்தான் 'பொம்பளை சொல்தா' என்று கூப்பிட்டுச் சிரித்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ஆம்பிளையைச் சொல்தா என்றால் மரியாதை. அவருக்குப் பென்ஷன், முன்வரிசை நாற்காலி. நேதாஜி படையில் துப்பாக்கி தூக்கியவளைச் சொன்னால் மட்டும் அதே சொல் நையாண்டி!

"சிமெண்டு நீங்கதான் தரணும், இசபெல்லாம்மா. கல்வெட்டுல உங்க பேரு வரும்."

"என் பேரு கடை போர்டுலயே இருக்கு சார். தர்றேன்."

"குதிரைக்கும் சேத்து..."

"குதிரை எதுக்கு? அக்கா நடந்துல்ல போனாங்க?"

"ஒரு கம்பீரம் வேணாமா?"

கம்பீரத்துக்கு என்னிடம் ஸ்டாக் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 9

பக்கத்து வீடுதானே, போய்ச் சொன்னேன். "யாருக்கு வேணும் சிலையும் மண்ணும்?" என்றாள் அக்கா. அறுபது வயசிலும் அதே வீம்பு. நான் வாசல்படி இறங்கும் முன்பே கேட்டாள்: "முடிய ஒட்ட வெட்டியிருந்தேன்னு சொன்னியா இசபெல்? சிலைக்குப் பூட்சு போடுவானா?"

சாயங்காலம் பார்த்தால் கொடியில் காக்கித் தொப்பி காய்கிறது. முப்பத்தைந்து வருஷம் பெட்டியில் கிடந்தது.

ஜூலை 20

லாரி வந்தது. குதிரைக்குச் சிமெண்டு கிடையாது என்றேன், குதிரை போச்சு.

ஆகஸ்ட் 3

ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன்.

சிலைக்கு மூட்டை இறக்கப் போன இடத்தில் கீற்றுத் தடுப்பை விலக்கிப் பார்த்தேன். கச்சம் கட்டிய புடவை, கொண்டை, கையில் வாள். முதுகில் — துணியால் கட்டிய ஒரு பிள்ளை! நான் பார்க்கும்போதே வழியோடு போன ஒரு கிழவி, மாதா என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு போகிறாள்.

சிலை செய்கிறவன் உத்திராபதி. கோயில் கோயிலாக அய்யனார் செய்கிறவன். "என்னய்யா இது?" என்றேன்.

"ஜான்சி ராணிதானேம்மா? சாரு படம் குடுத்தாரு."

எடுத்துக் காட்டினான். பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்திலிருந்து கிழித்த தாள், பிள்ளையை முதுகில் கட்டிய ராணி. அக்கா இருந்தது ஜான்சி ராணிப் படை, நேதாஜியின் பெண்கள் படை. வாத்தியார் மண்டையில் படை கழன்று விழுந்து, ராணி மட்டும் நின்றுவிட்டாள். இவர் எத்தனை பிள்ளைகளுக்குச் சரித்திரம் நடத்தினாரோ!

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். "ஜனங்களுக்குப் புரியணும்ல? பிள்ளை இருந்தாத்தான் தாய். வீரத்தாய்!" என்கிறார் சிரித்துக்கொண்டு.

யாருக்குத் தாய்? கல்யாணமே ஆகாதவளுக்கா? ஏன் ஆகவில்லை என்று இவருக்குத் தெரியாதா? இவர் அண்ணனுக்குத்தான் அக்காவைப் பெண் கேட்டு வந்தார்கள். நான் அப்போது பாவாடை கட்டிய சிறுக்கி, ஜன்னலோரம் நின்றேன். இவர் அப்பா காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "காட்டுல ஆம்பளைங்களோட இருந்துட்டு வந்திருக்கு. பிள்ளை கிள்ளை எதுவும் உண்டா?" அந்தப் பேச்சு ஊரைச் சுற்றியது. அப்புறம் ஒருத்தனும் வரவில்லை.

அப்பன் கேட்ட பிள்ளையை மகன் செய்து கொடுத்துவிட்டான். அதுவும் என் சிமெண்டில்!

ஆகஸ்ட் 4

சொல்லாமல் இருக்கலாமா? திறப்பு விழாவில் ஊர் முன்னால் நின்று பார்ப்பதைவிட என் வாயால் கேட்பது மேல். சொன்னேன்.

அக்கா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அன்னைக்குப் பிள்ளை உண்டான்னு கேட்டாங்க. இன்னைக்கு அவங்களே கட்டிவுட்டாங்களா? சரி. நான் வரல. கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருப்பேன்."

கொடியில் தொப்பி இல்லை.

ஆகஸ்ட் 6

பீடம் இன்னும் பாதியில் நிற்கிறது. மிச்சச் சிமெண்டு என் கிடங்கில். இது போதாதா எனக்கு?

"பிள்ளையை எடுங்க, மூட்டை வரும்" என்றேன் வாத்தியாரிடம்.

"நோட்டீஸ்ல வீரத்தாய்னு அடிச்சாச்சே! மந்திரி வேற வர்றாரு!"

"அப்ப மந்திரிய மண்ணு மேட்டுல ஏறி நின்னு பேசச் சொல்லுங்க சார்."

காரைக்கால் முழுக்க அலைந்தார். பர்மிட் இல்லாமல் யார் கொடுப்பார்கள்? இருட்டும் முன் திரும்பி வந்து, சரி, எடுத்துடலாம் என்று தலையை ஆட்டினார்.

ஆகஸ்ட் 7

வாத்தியார் மசிந்தார், உத்திராபதி மசியவில்லை. "கண்ணு தொறந்த பிள்ளைய உடைக்கச் சொல்றீங்களேம்மா. எனக்கும் ரெண்டு இருக்கு. உளி வைக்கமாட்டேன்."

அவனிடம் பேரம் செல்லாது. உட்கார்ந்து யோசித்தேன். "உடைக்க வேணாம்ய்யா. மூடிடு. மேல பூசிப் பட்டாளத்துப் பை ஆக்கிடு. அக்கா முதுகுல சுமந்தது அதுதான்."

பிள்ளையைத் தடவிப் பார்த்தான். "மூச்சு முட்டாதுல்ல?" என்றான். கிண்டலா, நிஜமா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 12

கச்சம் கால்சட்டையாகிவிட்டது. கொண்டையை வெட்டியாயிற்று. வாள் துப்பாக்கியானது. கண் மட்டும் அய்யனார் கண்தான். அதற்கு மேல் அவனுக்கு வராது.

அக்காவிடம் பை என்று மட்டும் சொன்னேன், உள்ளே பிள்ளை இருப்பதைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 15

காலையில் மாதா பெருநாள் பூசை, பத்து மணிக்குத் திறப்பு. முன்வரிசையில் சொல்தாக்கள் மெடலோடு. பிலோமின்ராஜ் சார் மைக்கைப் பிடித்து, "இது வெறும் பையல்ல, தேசத்தின் பாரம்! அப்படித்தான் அமைக்கச் சொன்னேன்" என்றார். கூச்சமே கிடையாது மனுஷனுக்கு. கைதட்டினார்கள்.

அக்கா நாற்காலி காலி. கூட்டம் முடியும் நேரம் கடைசி வரிசையில் சலசலப்பு. வெள்ளைப் புடவை, தலையில் காக்கித் தொப்பி. மேடையில் ஏறவில்லை. மந்திரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. சிலையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய் நின்றாள். நான் ஓடினேன்.

"பை ரொம்பப் பெருசா இருக்கே, இசபெல். உள்ள என்ன?"

என் முகத்தையே பார்த்தாள். பிறகு எம்பி, உள்ளங்கையைப் பையில் வைத்தாள். காய்ச்சல் பார்ப்பதுபோல.

"சரி, தூங்கட்டும்" என்றாள். "அந்த இடது வாரு தொங்குது பாரு. இறுக்கச் சொல்லு. இப்படிப் போனா எங்க கேப்டன் திட்டுவாங்க."

ஆகஸ்ட் 17

உத்திராபதிக்கு அரை மூட்டை கொடுத்தனுப்பினேன். வாரை இறுக்கிவிட்டான். பக்கத்தில் நின்று வேலை வாங்கியது அக்கா. தலையில் தொப்பி.