மல்லிகைக்கு நட்ட குச்சி

24-10-78, செவ்வாய்
விடியும்போதே தூறல். கூரையில் ஒழுக்கு, வாளி வைத்தேன். ரொட்டிக்காரன் வரவில்லை.

மாடியிலிருந்து பார்த்தால் தோட்டத்தில் குரோட்டன்ஸ் நான்கையும் காணோம். செங்கல் வரிசை, உள்ளே சாமந்தி நாற்று, நடுவில் ஏதோ குச்சி. கீழே குடியிருக்கும் முருகேசன் வேலைதான். மில் வேலை போனதிலிருந்து கை சும்மா இருப்பதில்லை. தோட்டத்தில் கை வைக்கக் கூடாது என்று நொத்தேர் எழுதிய வாடகைப் பத்திரத்திலேயே இருக்கிறது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிறான்.

என் மனைவி பிலோமி போட்ட தோட்டம். அதுதான் வயிற்றெரிச்சல்.

26, வியாழன்
வெயில். இன்னும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவை:
1. குரோட்டன்ஸ் எங்கே?
2. யாரைக் கேட்டுச் செங்கல்?
3. எப்போது காலி செய்கிறாய்?

மார்சேயிலிருந்து மகள் கடிதம். கல்லறைத் திருநாளுக்கு அம்மாவுக்குப் பூ வைப்பாளாம். போன வருஷம் மகளைப் பார்க்கப் போன இடத்தில் பிலோமி இறந்து, அங்கேயே அடக்கம். நான் மட்டும் திரும்பினேன். அந்த நாளில் நான் எங்கே போவது?

29, ஞாயிறு
காலைப் பூசை. இன்று முழுக்கப் பேசியது ஒரு வார்த்தை. ரொட்டிக்காரனிடம், "ரெண்டு."

1-11, புதன்
சாயங்காலம் செங்கலுக்கு நடுவே மெழுகுவத்தி எரிகிறது! இறங்கிப் போய்க் கத்தினேன். முருகேசன் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டு நின்றான். அவன் மனைவி செல்விதான் பேசினாள்.

"தப்புதாங்க ஐயா. நாளைக்கு உங்காளுங்க எல்லாம் கல்லறைக்குப் போறாங்க. சுண்ணாம்பு அடிக்கிறாங்க, பூ வெக்கிறாங்க. இத மட்டும் யாரும் பாக்கல. செடி மறைச்சிட்டு இருந்துச்சி, அதான் பேத்துப் பின்னாடி வெச்சோம். இங்க பொதைச்சிருக்கறது கொழந்தைங்களா ஐயா?"

அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். சிலுவையாம்! மல்லிகைக் கொடி ஏறப் பிலோமி குறுக்கே கட்டிய இரண்டு சவுக்குக் குச்சி. கொடி பட்டுப்போய் எத்தனையோ காலம். கட்டியிருப்பது அவளுடைய பச்சைச் சேலைக் கிழிசல். முடிச்சு இன்னும் அவிழவில்லை.

சிரிப்பு வந்தது. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இல்ல. என் சம்சாரம்" என்றேன்.

மாடி ஏறியதும் அழுதேன். மூன்றாவது கேள்வியை அடித்துவிட்டேன்.

2-11, வியாழன். கல்லறைத் திருநாள்
மழை. நான்கு மணிக்குக் குடை, மெழுகுவத்தி, தீப்பெட்டியோடு கீழே போனேன். வத்தி இரண்டு முறை அணைந்தது. முருகேசன் முறத்தைச் சாய்த்துக் காற்றை மறைத்தான்.

"அம்மாவுக்கு என்ன புடிக்கும் ஐயா? எங்கள்ல படைப்போம்" என்றாள் செல்வி.

"மல்லிகை."

"அரியாங்குப்பத்துல மச்சான் வூட்ல கொடி கெடக்கு, பதியன் கொண்டாரேன்" என்றான் முருகேசன். "ஏர்றதுக்கு வேற கொம்பு நடணும். சிலுவ மேல ஏத்துனா தப்புங்களே?"

"அதுலயே ஏத்து" என்றேன்.