எத்தனை முறை அழுத்துவது

மே 11, திங்கள்

பிரிண்டர் காலையிலிருந்து இரண்டு விளக்குகளை மாறி மாறி மின்னிக்கொண்டிருக்கிறது. பச்சை, ஆரஞ்சு, பச்சை, ஆரஞ்சு. தாள் சிக்கவில்லை. மை இருக்கிறது. அணைத்துப் போட்டேன். பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன். தலையில் ஒரு தட்டும் தட்டினேன். அதே மினுக்கல்.

கணினித் திரையில் ஒரு பெட்டி வந்தது. கழிவு மை உறிஞ்சும் பஞ்சு நிறைந்துவிட்டதாம், சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டுமாம். பஞ்சா? பிரிண்டருக்குள் பஞ்சு எதற்கு?

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மே 12, செவ்வாய்

சொல்லிவிட்டேன். சொல்லாமலும் முடியாது. மாமாவின் ஸ்டேஷனரி கடைக்குப் போகும் லேபிள்கள் எல்லாம் நான் இந்த மேசையில் அடித்துக் கொடுப்பவைதான். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. நோட்டுப் புத்தகத்தில் ஒட்டும் லேபிள் – பிள்ளையின் பெயர், வகுப்பு, பிரிவு, ஓரத்தில் ஒரு யானையோ ராக்கெட்டோ. பெயர்கள் மாமாவிடமிருந்து போனில் மெசேஜாக வரும். நான் அடித்து, வெட்டி, உறையில் போட்டு வைப்பேன். யாரையும் பார்க்க வேண்டாம், பேச வேண்டாம்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். ஏன் நின்றாய் என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. வாயைத் திறந்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், அதுதான். ஒரு நாள் போகவில்லை. மறுநாள் போகவில்லை. அப்புறம் போவதுதான் பெரிய விஷயமாகிவிட்டது. மாமா இன்றைக்கும் கேட்பார்: "வாயில என்ன முத்தா வச்சிருக்கா, திறந்தா கொட்டிடுமா?"

அம்மா வேலைக்குப் போகிற வழியில் பிரிண்டரை சர்வீஸ் சென்டரில் காட்டினாள். அந்த ஆள் மூடியைக்கூடத் திறக்கவில்லையாம். "ஆயுசு முடிஞ்சுதும்மா. இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்."

ஆயுசா? முந்தாநாள்வரை நன்றாகத்தானே ஓடியது?

புதுசு வாங்க முடியாது. அம்மா கத்தவில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "இது ஓடுற வரைக்கும் வீட்டுல இரு. ஓடலன்னா மாமா கடை கவுன்டர்ல போய் நில்லு. ரெண்டுல ஒன்னு."

கவுன்டர். சனிக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில். நான்.

மே 13, புதன்

ஒரு வீடியோ கிடைத்தது. எங்கள் பிரிண்டரேதான், அதே கீறல் விழும் மூடி. பேசுகிறவரின் மொழி எனக்குத் தெரியாது. புரியாத பேச்சை எதற்குக் கேட்பது என்று சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்த்தேன். இரண்டு கைகள் மட்டும்தான் தெரிகின்றன. நிறுத்தும் பட்டனைப் பிடித்துக்கொண்டு பவர் பட்டனை அழுத்துகிறார். பிறகு முதலாவதை விட்டுவிட்டு, பவரை மட்டும் பிடித்தபடியே முதலாவதைத் தட்டுகிறார். பச்சை விளக்கு நிலையாக நிற்கிறது. பிரிண்டருக்குள் ரகசியமாக ஒரு கதவு திறந்த மாதிரி. அதற்குப் பிறகு மறுபடியும் சில தட்டு, அது வேறு கணக்கு.

எத்தனை தட்டு? அவருடைய கட்டைவிரல் பட்டனை மறைக்கிறது. வீடியோவுக்குக் கீழே எழுதியவர்களில் ஒருவர் ஐந்து என்கிறார், ஒருவர் ஆறு. இன்னொருவர், முதலில் பிடிப்பதையும் ஒன்றாக எண்ண வேண்டும் என்கிறார். தப்பாகத் தட்டினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை.

மே 15, வெள்ளி

என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டது. அல்லது தெரியவில்லை.

அழுத்தினேன், எண்ணினேன், நடுவில் எண்ணிக்கை விட்டுப்போனது. பச்சை நின்றது. மறுபடி அழுத்தினேன். பிரிண்டர் தானாகத் தாளை இழுத்து, பக்கம் முழுக்க எண்களும் ஏணி மாதிரிக் கோடுகளும் அடித்துத் துப்பியது. கணினி, 'புதிய பிரிண்டர் கண்டுபிடிக்கப்பட்டது' என்றது. புதிய பிரிண்டரா? பழைய பெயர்தான், வாலில் மட்டும் வேறு எழுத்து. வேறு எந்த நாட்டிலோ விற்கிற பிரிண்டர் என்று அது தன்னை நினைத்துக்கொண்டுவிட்டது. பட்டியலில் இப்போது இரண்டு பிரிண்டர்கள். மேசையில் ஒன்றுதான்.

விளக்குகள் இன்னும் மின்னுகின்றன.

"என்னடி பண்ணுன அதை?" என்றாள் அம்மா.

"ஒன்னும் பண்ணல."

"ஒன்னும் பண்ணாதவ மூஞ்சியா இது?"

மே 16, சனி

வீடியோவுக்குக் கீழே தமிழில் ஒரு பெண் எழுதியிருந்தார். தன் வீட்டு மெஷினுக்கும் இதே கோளாறு வந்ததாம், தானே சரி செய்தாராம். மாடல் எண்ணைப் போட்டு, எத்தனை தட்டு என்று கேட்டேன். உடனே பதில். "இது எழுதிப் புரிய வைக்கிற சமாச்சாரம் இல்ல. கூப்பிடுங்க." ஒரு நம்பர்.

ஏன் எல்லாரும் கூப்பிடச் சொல்கிறார்கள்?

மே 17, ஞாயிறு

கூப்பிடவில்லை.

மே 18, திங்கள்

கூப்பிட்டேன்.

அம்மா வேலைக்குப் போனதும் நம்பரை அழுத்தினேன். "ஹலோ" என்றார். "ஹலோ, யாருங்க?" பேச வேண்டும், ஒரே ஒரு வாக்கியம், முன்பே எழுதி வைத்த வாக்கியம். வரவில்லை.

"மூச்சு கேக்குது. ஆள் இருக்கீங்க. பிரிண்டருக்குக் கேட்டவங்களா? ஆமான்னா எதையாவது ஒரு தட்டு தட்டுங்க."

மேசையைத் தட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. "சரி. பேச வேணாம். போனை பிரிண்டர் பக்கத்துல வைங்க. பட்டன் சத்தம் எனக்குக் கேக்கும், நான் எண்ணறேன். நிறுத்துன்னா நிறுத்தணும்."

வைத்தேன். இரண்டு பட்டனையும் பிடித்தேன். முதலாவதை விட்டேன். தட்டினேன். போனுக்குள்ளிருந்து அவர் எண்ணிக்கொண்டே வந்தார். பின்னால் யாரோ, "என் சாக்ஸ் எங்க?" என்றார்கள். "உன் கால்லயே பாரு," என்றுவிட்டு எனக்கு, "நாலு… அஞ்சு… நிறுத்து. பவரையும் விடு. பச்சை நிக்குதா? நின்னா மேசையைத் தட்டு." தட்டினேன். "இப்ப மறுபடியும் அந்தப் பட்டன்." எண்ணினார். "போதும். பவரை ஒரு தடவை அமுக்கு. அமைதியா இரு."

பிரிண்டர் ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது. மறுபடி போட்டேன். பச்சை மட்டும்.

"ஆச்சா? இரு, வச்சிடாத, இன்னொன்னு—"

வைத்துவிட்டேன். கை தானாக வைத்துவிட்டது. நன்றிகூடத் தட்டவில்லை.

மே 19, செவ்வாய்

ஓடுகிறது. புதுப் பெயரில் ஓடுகிறது, ஓடட்டும். அம்மா, "எப்படிச் சரியாச்சு?" என்றாள். "தெரியல" என்றேன். பொய்யும் இல்லை.

எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. பஞ்சு நிறைந்துவிட்டது என்று அது சொன்னது. காலி என்று நான் சொன்னேன். அது நம்பிவிட்டது. உள்ளே பார்த்தது யார்?

மே 23, சனி

நாள் முழுக்க யானையும் ராக்கெட்டும். பத்தாம் வகுப்பு லேபிள் ஒன்று அடிக்கும்போது அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். தெரிந்த பெயர் இல்லை. சும்மா பார்த்தேன்.

மே 27, புதன்

எழுதக் கை வரமாட்டேங்குது. விரலெல்லாம் கறுப்பு.

பிரிண்டருக்கு அடியிலிருந்து மை கசிந்து மேசை ஓரமா ஓடி, கீழ் தட்டுல அடுக்கி வச்சிருந்த உறைங்க மேல சொட்டியிருக்கு. எப்பலேர்ந்துன்னு தெரியல. மேல் உறையை எடுத்தா கீழ் உறை, அதுக்குக் கீழ, அதுக்குக் கீழ… யார் பேரும் படிக்க முடியல. நான்தான் பண்ணேன். காலின்னு சொன்னது நான்தானே? ஆனா நான் என்ன சொன்னேன், பட்டனைத்தானே அமுக்குனேன்?

மாமா அந்நேரம் பார்த்து உறைகளை எடுக்க வந்துவிட்டார். ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "என்ன இது, பிள்ளைங்க பேரெல்லாம் மூக்கு ஒழுகி நிக்குது?" அம்மாவைப் பார்த்து, "திங்கக்கிழமை வரைக்கும் பாக்கறேன்கா. அதுக்குள்ள வர்றது வரட்டும், மீதியை வெளியில குடுத்துடறேன். இவளைக் கடைக்கு அனுப்பு," என்றார்.

இன்னொன்னு, என்றாரே அந்தப் பெண். என்ன இன்னொன்று?

மே 28, வியாழன்

காலையில் எழுதிக் கேட்டேன். மதியம்வரை பதில் இல்லை. இனிமேல் காத்திருந்தால் வேலைக்கு ஆகாது.

கூப்பிட்டேன். "ஹலோ, யாரு?" இப்போது தட்டினால் எதைத் தட்டுவது? பஞ்சுக்கு எத்தனை தட்டு? அதற்குக் கணக்கு இல்லையே. வாயைத் திறந்தேன். எலிக்குஞ்சு மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"பஞ்சு," என்றேன்.

"பஞ்சா? பஞ்சு வியாபாரம் இங்க இல்லீங்களே…" கொஞ்சம் நின்றார். "ஏய், நீயா? பட்டன் பொண்ணா?"

எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. என் குரலை அவர் கேட்டதே இல்லை.

"அன்னைக்குச் சொல்றதுக்குள்ள வச்சிட்டு ஓடிட்ட. ஒழுகுதா? ஒழுகாம என்ன பண்ணும். கணக்கைத்தானே அழிச்சோம், மையை எங்க அழிச்சோம்? பஞ்சைக் கழட்டிக் கழுவணும். பின்பக்கம் ஓரத்துல ஒரு ஸ்க்ரூ இருக்கும் பாரு."

"எந்த ஓரம்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டேன். அதற்கப்புறம் வெயிலில் காய வைக்கலாமா என்றும் கேட்டேன்.

"வெயில்ல வச்சா சுருங்கிடும், ஃபேனுக்கு அடியில வை." போனை வைக்கப் போகும்போது அவரே சொன்னார்: "எனக்கு நாள் பூரா இதே போனா வருது. ஒன்னு ரெண்டு பேரை உன்கிட்ட அனுப்பட்டுமா?"

வேண்டாம் என்று ஏன் சொல்லவில்லை?

மே 29, வெள்ளி

பஞ்சுகள் கறுத்துக் கனத்துப்போய், ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே உட்கார்ந்திருந்தன. குழாயடியில் வைத்துப் பிழிந்தேன். முதலில் கறுப்பு, பிறகு நீலம், கொஞ்சம் சிவப்பு, மறுபடி கறுப்பு. தீரவே இல்லை. பிரிண்டர் தன் மூக்கைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் உள்ளே துப்பிய மையாம். எந்தப் பிள்ளையின் பெயராகவும் ஆகாத மை. இவ்வளவு நாளும் மேசையில் என் எதிரிலேயே இருந்திருக்கிறது.

அம்மா புடவையைச் செருகிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு பஞ்சை எடுத்துப் பிழிந்தாள்.

"இதை யார் சொல்லிக் குடுத்தா?"

"ஒரு அக்கா."

"எங்க பார்த்த?"

"பார்க்கல. போன்ல."

"நீயா பேசுன?"

"ம்."

அம்மாவின் கை நின்றது. அப்புறம் முன்னைவிட அழுத்திப் பிழிந்தாள். தண்ணீர் வெளுக்கும்வரை இருவரும் அங்கேயே இருந்தோம்.

ஜூன் 1, திங்கள்

நேற்றுக் காலை பஞ்சை மாட்டி, நேற்றும் இன்றும் அடித்தேன். பாதிதான் முடிந்தது. மீதியை மாமா சொன்னபடியே வெளியே கொடுத்துவிட்டார். அடித்தவற்றை அம்மா என் கையிலேயே கொடுத்து, "நீயே போய்க் குடுத்துட்டு வா," என்றாள்.

கடையில் கூட்டம். மாமா உறைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். "பேரைக் கேட்டு எடுத்துக் குடு. அவங்க பாதி பேரைச் சரியாவே சொல்ல மாட்டாங்க, நீதான அடிச்ச, உனக்குத்தான் தெரியும்."

நின்றேன். பெயரைச் சொன்னார்கள், எடுத்துக் கொடுத்தேன். பிரிண்டர் ஓடுகிறது, நான் கவுன்டரிலும் நின்றுவிட்டேன். ரெண்டுல ஒன்னு என்றுதானே அம்மா சொன்னாள்?

ஜூன் 8, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. தெரு காலையில் சத்தமாக இருந்து, பிறகு காலியாகிவிட்டது.

பதினொரு மணிவாக்கில் போன் வந்தது. தெரியாத நம்பர். எடுத்தேன். யாரும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு, "ரெண்டு லைட்டும் மாறி மாறி மின்னுதா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் எதையோ ஒரு தட்டு தட்டினார்கள்.

"சரி," என்றேன். "முதல்ல பஞ்சைக் கழுவிடலாம். பட்டனை அப்புறம் எண்ணிக்கலாம். வச்சிடாதீங்க."