நின்று பூசவைத்த ஈயம்

திருவரங்குளம்
சுபானு வருஷம் ஆவணி 12 (28-8-1943)

அன்புள்ள தம்பி ஆத்மநாதனுக்கு அக்காள் சொர்ணவல்லி ஆசீர்வாதத்துடன் எழுதியது.

இங்கே நானும் மகள் பிரகதாம்பாளும் பேரனும் சுகம். ஐந்து மாசம்தான் ஆகிறது, அதற்குள் குப்புற விழுந்து, தலையைத் தூக்கி என்னைத் தேடுகிறான். ஊரில் எத்தனையோ குழந்தைகள் இருக்கின்றன, இவன் முகத்துக்கு ஈடாக ஒன்றை நான் பார்க்கவில்லை. கண் படும் என்பதால் உனக்கு மட்டும் எழுதுகிறேன். புதுக்கோட்டை என்ன கடலுக்கு அப்பாலா இருக்கிறது? மூன்று மாசமாய் உன்னிடமிருந்து ஒரு கார்டு இல்லை.

எழுத வந்த சங்கதி வேறு. போன வருஷம் வைகாசியில் பிரகதாம்பாள் கல்யாணம் நடந்த அதே வாரம் எதிர்வீட்டு இருளாயி மகனுக்கும் கல்யாணம் நடந்தது. மருமகள் ராசாத்திக்குப் பித்தளைக் குண்டான் வாங்க உன் கடைக்குத்தான் வந்தார்கள். "எந் தம்பி கடைச் சாமான், கண்ண மூடிக்கிட்டு வாங்கு" என்று அனுப்பியது நான். அந்தப் பெண்ணுக்கு இரண்டு தடவை கரு கலைந்துவிட்டது. வயிறு முறுக்கி அழுகிறாள். இப்போது வலது கை மணிக்கட்டோடு தொங்கிவிட்டது. ஒரு கரண்டியைத் தூக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் பல் ஈறில் ஓடிய கறுப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு, எதில் சமைக்கிறீர்கள் என்று கேட்டாராம்.

ஆவூரிலிருந்து ஈயம் பூச வருகிற இன்னாசி, குண்டானுக்குள் விரலை வைத்துத் தேய்த்தார். விரல் கறுத்தது. வெள்ளீயம் பூச வேண்டிய இடத்தில் காரீயம் பூசியிருக்கிறது, புளியும் நீராகாரமும் பட்டுப் பட்டு அது சோற்றில் விஷமாய் இறங்கியிருக்கிறது என்றார். பூசினவன் உன்னை ஏமாற்றிவிட்டான் போலிருக்கிறது. கூப்பிட்டு விசாரி. நீ சீராகக் கொடுத்த பாத்திரங்களில்தானே பிரகதாம்பாளும் சமைக்கிறாள்! எனக்கு நேற்று முதல் ஒரு வாய் இறங்கவில்லை.

உன் அன்புள்ள அக்காள்,
சொர்ணவல்லி


புதுக்கோட்டை
ஆவணி 17

என்றும் மரியாதைக்குரிய அக்காள் அவர்களுக்குத் தம்பி ஆத்மநாதன் வணக்கம்.

பேரன் சேதி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பிரகதாம்பாளைப் பற்றித் துளியும் பயப்பட வேண்டாம். அவளுக்குக் கொடுத்தது அத்தனையும் கையிருப்பில் இருந்த சுத்தமான வெள்ளீயம் பூசியது. நானே பக்கத்தில் நின்று பூசவைத்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் அவள் பெயர் வெட்டியிருக்கிறது. விசேஷ வீடுகளுக்கு இரவல் கொடுத்தால் ஊரார் சாமானோடு மாறிவிடாமல் பார்த்து வாங்கி வையுங்கள்.

மலாய் தேசம் யுத்தத்தில் போனதிலிருந்து வெள்ளீயம் வருவதில்லை. நான் மட்டும் இல்லை, கடைத்தெருவில் எல்லோரும் இப்படித்தான். அந்தப் பெண்ணுக்கு வேறு குண்டான் கொடுத்து அனுப்புகிறேன். ஊரில் பேச்சு வேண்டாம்.

தங்கள் தம்பி,
ஆத்மநாதன்


திருவரங்குளம்
ஆவணி 22

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் எழுத்தைக் கூட்டி அர்த்தம் பார்க்கத் தெரியும். பிரகதாம்பாள் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன் என்கிறாய். அப்படியென்றால் எதற்குப் பக்கத்தில் நிற்கவில்லை என்பதும் உனக்குத் தெரியும். உன்னை ஒருவரும் ஏமாற்றவில்லை.

இந்தக் காகிதத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு இருக்கிறதே, அது பென்சில் இல்லை. ராசாத்தி குண்டானுக்குள் காகிதத்தை வைத்து இழுத்தேன். மறு ஓரத்தைப் பிரகதாம்பாள் குண்டானில் வைத்து இழுத்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

நீ எழுதியதை இருளாயியிடம் மறைக்கவில்லை. முழுவதையும் கேட்டாள். பிறகு, "கல்யாணச் சாமான்லயா ஆத்தா கலப்பாங்க? ஒங்க மகளுக்கு நல்லது, எங்களுக்கு இதுவா? எங்க காசு மட்டும் செல்லாதா?" என்றாள்.

"வேற குண்டான் தாரேங்கிறான்" என்றேன்.

சிரித்தாள். "வேற கையும் தருவாரான்னு கேட்டு எழுதுங்க" என்றாள்.

கேட்டு எழுதிவிட்டேன்.

கடை வாசலில் பலகை எழுதி வை. தமுக்கு அடித்துச் சொல்லு. போன வைகாசியிலிருந்து நீ விற்றதை எல்லாம் திரும்ப வாங்கு. இரண்டு வாரம் பார்ப்பேன்.

சொர்ணவல்லி


புதுக்கோட்டை
ஆவணி 29

அக்காள் அவர்களுக்கு,

வியாபாரம் தெரியாமல் எழுதுகிறீர்கள். தமுக்கு அடித்தால் மறுநாளே கடையைப் பூட்ட வேண்டியதுதான். வெள்ளீயமா, காரீயமா என்று வாங்கினவர்களில் ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருக்க மாட்டேன். புளிக்குழம்பு வைக்க அவர்களிடம் மண்சட்டி இல்லையா? வாங்கின எல்லோருக்குமா கை தொங்கிவிட்டது?

பிரகதாம்பாளுக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. கார்த்திகையில் பேரனுக்குக் காது குத்தும்போது மாமன் மடிக்கு என்னைத்தான் கூப்பிட வேண்டும். அதையும் மனசில் வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

ஆத்மநாதன்


திருவரங்குளம்
புரட்டாசி 14

பாத்திரக் கடை ஆத்மநாதன் அவர்களுக்கு,

இரண்டு வாரம் என்றேன். அதற்கு மேலும் பொறுத்துப் பார்த்தேன். பிரதோஷத்தன்று கோயில் வாசலில், கூட்டம் கலைவதற்குள் நானே நின்று சொன்னேன்: "போன வருச வைகாசிக்கப்புறம் எந் தம்பி கடையில பித்தளை வாங்குனவங்க அதுல சமைக்காதீங்க. உள்ள பூசியிருக்கிறது காரீயம். தெரிஞ்சேதான் வித்திருக்கான்."

"சொந்தத் தம்பிய இப்படிப் பேசுறியே, ஒங்களுக்குள்ள பங்குத் தகராறா?" என்று ஒருத்தி கேட்டாள். நாலு பேர் சிரித்தார்கள். ராசாத்தி முன்னால் வந்து கையைத் தூக்கிக் காட்டினாள். தூக்க முடியாததைத்தான் காட்டினாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் பதினேழு பாத்திரங்கள் என் வாசலுக்கு வந்துவிட்டன. ஒன்றில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. கொண்டுவந்தவள் கொட்டக்கூட நிற்கவில்லை.

பிரகதாம்பாள் தன் குண்டானை ராசாத்திக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இருளாயி வாங்கவில்லை. "ஒங்க வீட்டுச் சாமான் போதும் தாயி" என்று கதவைச் சாத்திவிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளை உன் கடைக்கு வழி காட்டி அனுப்பிய கை என்னுடையது. அதே கையால்தான் பேரனையும் தூக்கினேன், ஒன்றரை வருஷமாய் உன் சீரையும் ஊராரிடம் காட்டிப் பெருமை பேசினேன்.

மடியைப் பற்றி எழுதியிருந்தாய். மாமன் மடி இல்லாமல் குத்தினால் காது ஒன்றும் மூடிக்கொள்ளாது.

வண்டி கொண்டுவந்து உன் சாமானை எடுத்துக்கொண்டு போ. வாசலில் நின்று குரல் கொடுத்தால் போதும், உள்ளே வர வேண்டாம். தீபாவளிக்குள் வராவிட்டால் நானே வண்டி பிடித்து வருவேன். உன் கடைக்கு முன்னால் அத்தனையையும் இறக்கி வைத்துப் பக்கத்தில் உட்காருவேன். வெள்ளீயமா, காரீயமா என்று அங்கேயும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். கேட்காமலே சொல்லுவேன்.

இப்படிக்கு,
உன் கடைக்கு ஆள் அனுப்பியவள்,
சொர்ணவல்லி