புது ஏரியின் கரை

14.11.1986
பஞ்சாயத்துக் கூட்டம். கேட்டுக் கேட்டு வாங்கிய புது ஏரி இந்த மழையில் நிரம்பிவிட்டது. கரை போட்டவர் தலைவர் தாண்டவராயனின் மச்சான். வேலையைப் பார்க்காமலேயே பில்லுக்கு எல்லோரும் கை தூக்கினார்கள். "ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வரலாமே" என்றேன்.

"பொம்பள மெம்பரு கரையில ஏறி இன்னாம்மா பாக்கப்போற?" என்றார் தலைவர். ஒரே சிரிப்பு.

17.11.86
பார்த்தேன். கரையின் அடியில் கசிகிறது. தெளிந்த தண்ணீர் இல்லை, செம்மண் கரைந்து வருகிறது. கரைக்கு நேர் கீழே எங்கள் தெரு.

18.11.86
தலைவர் வீட்டுக்குப் போனேன். "மதகத் தொறந்து பாதித் தண்ணியாச்சும் எறக்கிடலாங்க."

"போளூர்லருந்து ஆபீசருங்க தொறப்பு விழாவுக்கு வர்றாங்க. வெறும் குட்டையவா காட்டுறது? கசியாத ஏரி எங்க இருக்குது? வூட்டுக்குப் போம்மா."

20.11.86
விடாத மழை. கசிவு இப்போது ஓடுகிறது.

21.11.86
மத்தியானம் கரையின் மேல் ஓரிடம் அமுங்கிக் கிடந்தது. அப்புறம் யாரைக் கேட்பது? வீட்டுக்காரர் கடப்பாரை எடுத்து வந்தார். மதகின் பூட்டை உடைத்துத் திறந்தோம். தண்ணீர் சீறிக்கொண்டு ஓடையில் விழுந்தது.

தலைவர் ஓடி வந்து கத்தினார். "ஊர்த் தண்ணியெல்லாம் கொட்டிட்டா, பாருங்க!" ஊரே கூடியது. என் பக்கம் ஒருவரும் வந்து நிற்கவில்லை.

3.12.86
இனி நான் கூட்டத்துக்கு வரக்கூடாதாம். அதற்கும் எல்லாக் கைகளும் மேலே போயின.

9.3.1987
அன்று தண்ணீர் இறக்கிய பிறகு மழையே இல்லை; ஏரி காய்ந்துவிட்டது. பெண்கள் குடத்தோடு காட்டு ஊற்றுக்கு அலைகிறார்கள். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி இத்தனை நாள் கழித்து இன்றுதான் வாய் திறந்தாள்: "எல்லாம் உன்னாலதான்டி."

கரை தாங்கியிருக்குமோ? நான்தான் அவசரப்பட்டேனோ— தெரியலையே, சாமி.

2.5.87
ஆடு தேடிப் போன பாஞ்சாலி மூச்சிரைக்க ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். காய்ந்த ஏரிக்குள், கரையின் அடியில் ஒரு பொந்து. கன்றுக்குட்டி நுழையும். உள்ளே, கரை போட்டபோது மண்ணுக்குப் பதிலாக வெட்டிப் போட்ட மரக்கிளைகள், மக்கிப்போய். பாஞ்சாலி ஒரு கிளையைப் பிடித்து இழுத்தாள்; கையிலேயே உதிர்ந்தது.

4.5.87
பொந்தைக் காணோம். மேலே புதுமண் பூசியிருக்கிறது. தலைவரைக் கேட்டேன். "இன்னா பொந்து? யார் பாத்தது?"

24.10.87
ஒரு வாரமாக மழை. ஏரி பாதிக்கு மேல் ஏறிவிட்டது. மதகில் பெரிய பூட்டு; காவலுக்கு ஆளும் போட்டிருக்கிறார்கள்.

காலையில் சாமையை மூட்டை கட்டினேன், மேட்டுக்குப் போய்விட. கதவைத் திறந்தால் மழையில் பாஞ்சாலி. தலையில் மூட்டை, கையில் ஆட்டுக்கயிறு. அவளுக்குப் பின்னால் தெரு முழுக்க ஆட்கள், பிள்ளைகளோடு.

"போலாமாக்கா?" என்றாள்.