பாலத்தைத் தாண்டிய கார்

ஆம்பூர்,
14.9.2003

கர்த்தருக்குள் பிரியமான என் கணவருக்கு, ஜெனிஃபா எழுதுவது. நான் சுகம். உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வருவீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தேன். நீங்கள் கான்பூர் வெயிலைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இல்லாமல் இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது. ஷூ கம்பெனி என்றால் ஆர்டர் இருந்துகொண்டேதான் இருக்கும். கேக்கை நான் ஒருத்தியே எத்தனை வருஷம் தின்பது?

இன்னொரு விஷயம். ஷிஃப்ட் முடிந்து வந்ததும், நீங்கள் விட்டுப்போன கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஆடுகிறேன். சிரிக்க வேண்டாம். மலைப்பாதையில் முதல் இடத்தில் இன்னும் உங்கள் பெயர்தான் நிற்கிறது, ஒரு நிமிடம் 41 நொடி. நான் 1.47 வரை வந்துவிட்டேன். ஆனால் பாலம் வந்ததும் படம் திக்கித் திக்கி நிற்கிறது. மறுபடி நகரும்போது கார் ஆற்றில் கிடக்கிறது. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை நிசார் அஹமதுவைக் கேட்டேன். "மெமரி ரொம்ப கம்மிம்மா. பழைய மெமரி ஒண்ணும் கிராஃபிக்ஸ் கார்டும் கைல இருக்குது, போட்டா ஓடும்" என்றார். போடட்டுமா?

உங்கள்
ஜெனிஃபா


கான்பூர்,
25.9.2003

அன்புள்ள ஜெனிஃபாவுக்கு,

நான் வாங்கும்போதே அந்தப் பெட்டி பழசு. அதற்குப் போய் மெமரியும் கார்டும் எதற்கு? எடைக்குப் போட்டுவிடு.

லீவு கேட்க மேனேஜர் அறைவரை இரண்டு முறை போய்த் திரும்பி வந்துவிட்டேன். உனக்குக் கோபம் வரும், தெரியும். சரி, ஒரு பந்தயம் வைத்துக்கொள்வோம். என் 1.41ஐ நீ அதே பெட்டியில் முறியடித்தால் வேலையே போனாலும் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். நான் பாலத்துக்கு முன்னால் பிரேக் போட்டு, ஊர்ந்து தாண்டி எடுத்த நேரம் அது. அந்தப் பெட்டியில் அதற்குமேல் முடியாது என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன். வெறுமனே எழுதி அனுப்பினால் நம்ப மாட்டேன், போட்டோ வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
எலியாஸ்


ஆம்பூர்,
2.11.2003

பிரியமானவருக்கு,

பந்தயத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் கடிதத்தைப் பைபிளுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நிசார் இரண்டையும் மாட்டிப் போட்டுப் பார்த்தார். திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டி மட்டும் பீப், பீப் என்று கத்தியது. கழற்றி மறுபடி மாட்டியும் அதே கதைதான். "போர்டே போய்ட்ச்சிம்மா. இந்தப் பேஜார் இன்னாத்துக்கு, வித்துடுங்க" என்றார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வரும்போது அழுதுவிட்டேன். பெட்டிக்காக இல்லை. நீங்கள் வரமாட்டீர்கள் என்று அங்கேயே முடிவாகிவிட்ட மாதிரி இருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, ஸ்க்ரூ டிரைவரால் நானே திறந்தேன். நிசார் மாட்டிவிட்டிருந்த மெமரியின் அடியில் மஞ்சளாக வரிசைப் பற்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றின்மேல் கறுப்பாக ஒரு படலம். தோல் தொழிற்சாலைக் காற்றில் என் கொலுசே பதினைந்து நாளில் கறுத்துப்போகிறது. இது மட்டும் கறுக்காதா?

ஷூவில் ஒட்டிய பசையை க்ரேப் ரப்பர் துண்டால் தேய்த்து எடுப்பதுதானே எட்டு வருஷமாக ஃபினிஷிங்கில் என் வேலை? தோலில் கீறல் விழாமல் பசையை மட்டும் எடுக்கத் தெரிந்த கை இது. அந்தத் துண்டாலேயே பற்களை மெல்லத் தேய்த்தேன். கார்டுக்கும் அப்படியே செய்தேன். மாட்டுகிற இடத்தைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டித் துடைத்தேன். ஜெபம் பண்ணிவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். ஒரே ஒரு பீப், படம் வந்துவிட்டது.

பாலத்துக்குக் கீழே தண்ணீர் ஓடுகிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இத்தனை நாள் அது ஒரு நீலத் தகடு. கார் நிற்கவில்லை, திக்கவில்லை. மூன்று வாரம் விடாமல் ஓட்டினேன். வெள்ளிக்கிழமை 1.38.

நிசார் வந்து பார்த்துவிட்டு, "எனக்கும் ஒரு துண்டு க்ரேப் குடும்மா" என்று வாங்கிக்கொண்டு போனார். செத்துக் கிடந்த மூன்று பெட்டிகள் எழுந்துவிட்டனவாம்.

ஸ்டுடியோ இருதயராஜை வீட்டுக்கே கூப்பிட்டு எடுத்த போட்டோ உள்ளே இருக்கிறது. டிக்கெட் எடுங்கள்.

உங்கள்
ஜெனிஃபா


கான்பூர்,
14.11.2003

என் ஜெனிஃபாவுக்கு,

போட்டோ கிடைத்தது. ஃபிளாஷ் வெளிச்சத்தில் திரை முழுக்க வெளுத்துப்போயிருக்கிறது. நேரமும் தெரியவில்லை, பெயரும் தெரியவில்லை. நியாயப்படி நான் இன்னும் தோற்கவில்லை.

ஆனால் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நீ எப்போது கண்ணாடி போட்டாய்? நீ எழுதவில்லையா, நான்தான் கேட்கவில்லையா? ஒரு வாரமாக அந்தப் போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். என் மனைவியின் முகம் மாறியதை நான் போட்டோவில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

நேற்று மேனேஜர் அறைக்குள் போய்விட்டேன். பதினைந்து நாள் என்று கேட்டேன். தலையைக்கூட நிமிர்த்தாமல் சரி என்றார். இதற்கா இரண்டு வருஷம் பயந்தேன்?

டிசம்பர் 20 காலை காட்பாடியில் இறங்குகிறேன். நேரம் தெரியாவிட்டால் என்ன, வருகிறேன்.

உன்
எலியாஸ்


ஆம்பூர்,
24.11.2003

பிரியமானவருக்கு,

கடிதத்தை நாலு தடவை படித்தேன். சந்தோஷத்தில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடி போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. வந்து பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று வீம்பாக எழுதாமல் இருந்தேன்.

ஆனால் 'நேரம் தெரியாவிட்டால் என்ன' என்று எழுதினீர்களே, அது செல்லாது. இருதயராஜை மறுபடி வரவழைத்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கச் சொன்னேன். இந்தப் போட்டோவில் நான் வெறும் நிழல்தான். திரை மட்டும் பளிச்சென்று இருக்கிறது, எழுத்தைக் கூட்டிப் படியுங்கள். முதலில் ஜெனிஃபா, 1.36. இடையில் இன்னும் இரண்டு நொடி குறைத்துவிட்டேன். அதற்குக் கீழே எலியாஸ், 1.41.

பாவம் பார்த்து வருவதாக இருந்தால் வர வேண்டாம். தோற்று வாருங்கள். காட்பாடி ஸ்டேஷனுக்கு நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

முதல் இடத்திலிருந்து,
உங்கள் ஜெனிஃபா