வேண்டுதல் முடி

வில்லியனூர்
14-3-1979

மகள் செலின் மேரிக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாதா தயவில் நீ மஸ்கட்டில் சுகமாகத்தான் இருப்பாய். இங்கும் சுகம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. உன் மகள் பிலோமி கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று நான் நாலு வரி எழுதினேன், நீ நாலு பக்கம் எழுதினாய். தொண்டையில் சதை வளர்ந்திருக்கும், சொத்தைப் பல் இருக்கும், காதில் சீழ் இருக்கும், இல்லாவிட்டால் டி.பி.யாக இருக்கும், அதுவும் உங்கள் இருமலில் இருந்துதான் ஒட்டியிருக்கும், பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைக்காதீர்கள் என்று. நர்ஸ் உடுப்பு போட்டதும் பெற்ற தகப்பன் உனக்கு நோய்க்காரனாகிவிட்டான்.

சரி, படித்தவள் சொல்கிறாள் என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் சளியைப் பார்த்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை, பீடியை விடு என்றார்கள். பிலோமிக்குப் பல், தொண்டை, காது எல்லாம் சுத்தம். கடைசியில் டாக்டரம்மா நெறியைத் தடவிக்கொண்டே காதுக்குப் பின்னால், பிடரி வரைக்கும் போய், ஜடையை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தால் பேனும் ஈரும், சொறிந்து சொறிந்து பொருக்கு தட்டி, அடியில் சீழ். தலையில புண்ணு இருந்தா கழுத்துல நெறி கட்டும், இதுகூடவா தெரியாது, வூட்டுல இன்னாதான் பாக்குறீங்க பெரியவரே என்று எல்லோர் எதிரிலும் கேட்டார்.

உன் நாலு பக்கத்தில் தலை மட்டும் ஏன் இல்லை என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். அதில் கத்தி படக்கூடாது என்று கட்டளை போட்டவள் நீதானே. விசா கிடைத்தால் மகள் முடியை மாதாவுக்குக் கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாய். விசா உனக்கு, முடி அவளுடையது. உன் முடிக்கு என்ன கேடு வந்தது? நான் வந்துதான் இறக்குவேன் என்றாய், ரெண்டு வருஷமாக லீவு தள்ளிப்போகிறது. எட்டு வயசுப் பிள்ளை தலைவார யாரையும் விடமாட்டாள், நானே பின்னிக்குவேன் என்பாள். உன்னைப் போல ரோஷக்காரி என்று நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். என் கண்ணும் அவிந்துதான் கிடந்தது. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன், அவளிடம் கேட்டாயிற்று.

முந்தாநாள் இருசப்பனைக் கூப்பிட்டு முடியை ஒட்ட வெட்டச் சொன்னேன். வேண்டுதல் முடி, குத்தம் ஆயிடுமே என்று அவன் இழுத்தான். மாதாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், நீ வெட்டு என்றேன். மருந்து எரிந்ததற்குப் பிலோமி அழவில்லை, முடி மடியில் விழ விழத்தான் அழுதாள். முடி இருந்தாதானே அம்மா அத எறக்க வரும், இனிமே இன்னாத்துக்கு வரும் தாத்தா என்று கேட்டாள். அதற்காகத்தான் இத்தனை மாதம் அரிப்பை ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

பத்து நாளைக்கு மாத்திரை. அதற்குள் நெறி வற்றாவிட்டால் டி.பி.க்கும் சோதித்துப் பார்ப்பார்களாம். சோப்பு, பவுடர் ஒன்றும் அனுப்பாதே. மாதா உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும், நீயும் யாரையும் கைவிடாதே. நீ வருகிறாயா இல்லையா என்று எனக்கு எழுத வேண்டாம், பிலோமி பெயருக்கு எழுது. அவளுக்கு வாசிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
உன் தகப்பன் அமிர்தசாமி